நெல்லித்தோப்பு மேஸ்திரியின் குழாய் வேலை: ஓராண்டு கழித்து ஒரு மதிப்பீடு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் 2025 ஜனவரியில் நடந்த குழாய்ப் பழுதுவேலையைப் பற்றி அப்போதே எழுதும்படி தோழிகள் சிலர் கேட்டார்கள். குழாய் வேலை சரியாக அமைந்ததா என்பது வேலை முடிந்த அன்று தெரியாது, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போன பிறகே தெரியும் என்பதால் காத்திருந்தேன். இப்போது இரண்டும் போய்விட்டன. வேலையைச் செய்தவர்கள் நெல்லித்தோப்பில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு தந்தையும் மகனும். இருக்கிற வேலைக்கே தங்கள் இருவரின் கைகள் போதவில்லை என்று சொல்லி, கடையின் பெயரைப் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே தந்தையை, நாங்கள் வீட்டில் அழைப்பது போலவே, மேஸ்திரி என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

எங்கள் வீடு 1984இல் என் மாமனார் கட்டியது. கூடத்திலும் நடையிலும் அவர் நின்று இழைக்க வைத்த சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இன்றும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக இருக்கிறது. அந்தத் தரைக்கு அடியில்தான், சமையலறையிலிருந்து குளியலறை வரை, நாற்பது ஆண்டுப் பழைய ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், புதைந்து கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். எங்கள் தெருவில் தேங்கிய நீர் வடிய இரண்டு நாளானது. அதன் பிறகு டிசம்பர் முழுவதும் நடையின் ஒரு பக்கச் சுவர் அடியில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்தது. வெள்ளத்தின் ஈரம் காயவில்லை என்றே முதலில் எண்ணினோம். ஆனால் நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும் என்றிருந்த மோட்டாரை இரண்டு முறை போட வேண்டி வந்தபோதுதான், ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வருகிறது என்று புரிந்தது.

செல்பேசிச் செயலி ஒன்றின் வழியாக முதலில் ஒருவரை வரவழைத்தோம். அவர் வந்து பத்து நிமிடம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சமையலறையிலிருந்து குளியலறை வரை 22 அடி தரையை உடைக்க வேண்டும், குழாய் மாற்றி மேலே டைல்ஸ் போட்டுக் கொடுக்க 35,000 ரூபாய் ஆகும் என்றார். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எங்கே ஒழுகுகிறது, உண்மையிலேயே குழாய்தான் ஒழுகுகிறதா என்று அவர் சோதித்துப் பார்க்கவில்லை. ரெட் ஆக்சைடு தரையை ஒரு முறை உடைத்தால் அதே நிறமும் அதே வழவழப்பும் திரும்ப வராது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்களும் இப்போது அருகிவிட்டார்கள். அவரை அனுப்பிவிட்டு நெல்லித்தோப்புக் கடைக்குச் சென்றேன்.

மேஸ்திரி சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்தே வந்தார். அது குறைதான், பின்னால் சொல்கிறேன். ஆனால் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, "மெயின் வால்வு எங்க இருக்கு, டீச்சர்?" என்பது. வீட்டுக் குழாய்களுக்குப் போகும் தண்ணீர் முழுவதையும் ஒரே இடத்தில் நிறுத்தும் வால்வு அது. அந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே இவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல இரண்டு ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2022 டிசம்பரில் நானும் என் கணவரும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கேரி என்னும் ஊரில் உள்ள எங்கள் மகள் வீட்டில் இருந்தோம். அந்தப் பகுதியில் பல வீடுகளை மண்ணின் மேல் நேராகக் கட்டுவதில்லை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு மனிதர் தவழ்ந்து போகும் அளவுக்கு, இரண்டு மூன்று அடி உயரத்தில், இடைவெளி விடுகிறார்கள். அதைக் கிரால் ஸ்பேஸ் என்கிறார்கள். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், சூடான காற்று போகும் குழாய் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. ஈரம் தேங்காமல் இருக்க அதன் சுற்றுச்சுவரில் சிறு சிறு காற்றுத் துளைகள் உண்டு. கோடையில் நன்மை செய்யும் அதே துளைகள் வழியாகத்தான் கடுங்குளிர்க் காற்றும் உள்ளே புகுந்து குழாயைத் தொடுகிறது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்தினம், டிசம்பர் 24 காலையில், வெளியே மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போனது. சமையலறைக் குழாயைத் திறந்தால் சொட்டு நீர் வரவில்லை. மாப்பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் வந்தால் உருகிவிடும் என்றார். இரண்டு நாள் கழித்து வெயில் ஏறியது, பனிக்கட்டியும் உருகியது. அப்போதுதான் தரைக்கு அடியில் மழை பெய்வது போன்ற சத்தம் கேட்டது. குழாய் முன்பே பிளந்துவிட்டது, அதுவரை பனிக்கட்டியே அடைப்பாக நின்று நீரைத் தடுத்திருக்கிறது. மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்து மூடுவதற்குள் 40 நிமிடம் ஓடிவிட்டது. அத்தனை தண்ணீரும் வீட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை வந்த குழாய்ப் பழுதுக்காரர் கேட்டதும் அதே முதல் கேள்விதான். அவர் தவழ்ந்து உள்ளே சென்று அறுத்து எடுத்து வந்த செம்புக் குழாய்த் துண்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். முற்றிய அவரைக்காய் வெயிலில் வெடித்துத் திறந்தது போல, நீளவாக்கில் ஒரு விரல் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. பிளவின் இரு உதடுகளும் வெளிப்பக்கமாக மடிந்திருந்தன. செம்பை இப்படிக் கிழிக்கும் வலு தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு அவர் பொறுமையாக விளக்கினார். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. பனிக்கட்டி உறைந்த இடத்திலேயே குழாய் வெடிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் வளரும் பனிக்கட்டி, மறு பக்கம் இறுக மூடிய குழாய்த் திருகு, இரண்டுக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அங்கே அழுத்தம் ஏறி ஏறித்தான் குழாய் பிளக்கிறது. அதனால்தான் கடுங்குளிர் இரவில் குழாயைச் சிறிது திறந்து சொட்டவிடச் சொல்கிறார்கள். ஓடும் நீர் உறையாது என்பதை விட, சிக்கிய நீரின் அழுத்தம் அந்தத் திறப்பின் வழியே இறங்கிவிடும் என்பதே அதன் பெரிய பயன்.

அந்தக் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை போட்டுத்தான் இருந்தது. ஆனால் எல்போ என்னும் வளைவு இணைப்பில் குழாய் திரும்பும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, உறை இல்லாமல் விட்டிருந்தார்கள். அந்த ஒரு சாணுக்கு நேர் எதிரே காற்றுத் துளை. உறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான் என்பதை அன்று கற்றேன். பழுதுக்காரர் பிளந்த பகுதியை வெட்டிவிட்டு, வளையக்கூடிய பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாயை இணைத்தார். காற்றுத் துளைகளைக் குளிர்காலத்துக்கு மட்டும் அடைத்தார். எல்போவையும் விடாமல் உறையிட்டு மூட்டுகளை ஒட்டினார். துளைக்கு அருகில் ஓடும் பகுதியில், குளிர் கூடும்போது தானே இயங்கிக் குழாயைச் சூடாக்கும் மின்கம்பியைப் பொருத்தினார். அந்தக் கம்பியை ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றக் கூடாது, சுற்றினால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, தயாரிப்பாளர் அனுமதித்த வகை உறையையே அதன் மேல் போட வேண்டும், ஆண்டுதோறும் குளிர் தொடங்கும் முன் இயக்கிப் பார்க்க வேண்டும் என்று எச்சரித்தார். மின்சாரம் இல்லையென்றால் கம்பி பயன்படாது என்பதையும் அவரே சொன்னார். டிசம்பர் 24 காலையில் அந்த மாநிலத்தில் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்ததால் அது வெறும் பேச்சாக எங்களுக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகள் குளிர்நாடுகளில் இருக்கும் நம் வீடுகள் இங்கே ஏராளம். அவர்களிடம் சொல்லிவைக்க இன்னும் சிலவும் உண்டு. வெளியே மைனஸ் 6, 7 டிகிரியை நெருங்கும் என்று அறிவிப்பு வந்தால், பாதுகாப்பற்ற குழாய்க்கு ஆபத்து தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். தோட்டத்துக் குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். சமையலறைத் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்துவைத்தால் அறையின் வெதுவெதுப்பு குழாயைச் சேரும். ஊருக்குப் போனாலும் வீட்டின் ஹீட்டரை முற்றிலும் அணைக்காமல் 13 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் முதலில் திருகைத் திறந்துவைத்து, திருகின் பக்கத்திலிருந்து தொடங்கித் தலைமுடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்க வேண்டும். நெருப்பை மட்டும் குழாய் அருகே கொண்டுபோகவே கூடாது.

இனி எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறேன். புதுச்சேரியில் குழாய் உறைவதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடும் குழாய் எந்த ஊரிலும் ஒரே பாடுதான் படுத்துகிறது. மேஸ்திரி அதை அணுகிய விதம் அந்தப் பழுதுக்காரரின் விதத்துக்குச் சற்றும் குறையவில்லை. மெயின் வால்வைப் பார்த்தார். அது துருப்பிடித்து அசையாமல் இருந்தது. முதலில் அதை மாற்றி உள்ளே இருக்கும் குண்டைத் திருப்பி நீரை அடைக்கும் பித்தளை பால் வால்வு ஒன்றைப் போட்டார். வால்வு வேலை செய்யாத வீட்டில் எந்தக் குழாயையும் தொடமாட்டேன் என்றார்.

அன்று இரவு செய்ய வேண்டிய சோதனையை எனக்கே சொல்லிக்கொடுத்தார். இரவு 10 மணிக்கு மாடித் தொட்டியில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, வீட்டில் எந்தக் குழாயையும் திறக்காமல் படுத்துவிட வேண்டும். காலை 5 மணிக்குப் பார்த்தேன். நீர்மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. 1,000 லிட்டர் தொட்டியில் அது சுமார் 70 லிட்டர். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 240 லிட்டர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் கிட்டத்தட்ட எங்கள் ஒரு நாள் தேவை அது. மறுநாள் மேஸ்திரியின் மகன் கழிவறைத் தொட்டி, மாடிக் குழாய், தோட்டக் குழாய் என ஒவ்வொரு கிளையாக அடைத்து அதே சோதனையைப் பகலில் இரண்டிரண்டு மணி நேரம் செய்தார். நடைக்கு அடியில் போகும் கிளையை அடைத்தபோதுதான் சாக்பீஸ் கோடு அசையாமல் நின்றது. அவர் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறு முனையைக் காதிலும் வைத்து நடை நெடுகக் கேட்டுப் பார்த்தார். எனக்கும் கொடுத்தார். குளியலறைக்கு ஆறடி முன்னால், கொதிக்கத் தொடங்கும் உலை போல, ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டது.

ஒழுகும் இடம் தெரிந்துவிட்டதால் அங்கே மட்டும் உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். மேஸ்திரி மறுத்தார். நாற்பது ஆண்டுக் குழாயில் ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்த ஆண்டு மூன்றடி தள்ளி இன்னொன்று வரும் என்றார். தரையைத் தொடாமல், பழைய குழாயின் இரு முனைகளையும் சுவரோரத்தில் வெட்டி அடைத்துவிட்டு, வெந்நீரையும் தாங்கும் சி.பி.வி.சி. என்னும் புதிய பிளாஸ்டிக் குழாயைச் சமையலறைச் சுவரின் பின்பக்கமாக, வெளியே தெரியும்படி கிளாம்ப் அடித்துக் கொண்டுபோகலாம் என்பது அவர் யோசனை. அழகு சற்றுக் குறையும், ஆனால் இனி எது ஒழுகினாலும் கண்ணில் படும் என்றார். அந்த ஒரு முடிவுக்காகவே இவர்களை நான் மனமார மெச்சுகிறேன். தரையை உடைத்தால் கூலி நாள் கூடும், அவர்களுக்கு வருமானமும் கூடும். அதை அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

வெட்டிய பழைய குழாயின் வாயை மகன் என்னிடம் காட்டினார். வெளியே முக்கால் அங்குலம் இருந்த குழாய்க்குள், காவியும் கறுப்புமாகப் படிந்த துருவுக்கு நடுவே, ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருந்தது. எங்கள் போர் தண்ணீரின் உப்பு உள்ளிருந்தும், புயல் நீர் நனைத்த மண் வெளியிலிருந்தும் அதைத் தின்றிருக்கின்றன. ஒழுகிய ஓட்டையை மட்டும் நாங்கள் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. அது தரைக்கு அடியிலேயே கிடக்கிறது.

புதிய குழாய் போடும் வேலையில் நான் கவனித்தவை பல. வெட்டிய முனையின் பிசிரைக் கத்தியால் சீவி, துணியால் துடைத்த பிறகே ஒட்டும் சொல்யூஷன் தடவினார்கள். குழாயை ஃபிட்டிங்குக்குள் செலுத்தும்போது கால் சுற்றுத் திருப்பி, பின்னுக்கு வராமல் அரை நிமிடம் பிடித்துக்கொண்டார்கள். கீஸரின் வெந்நீர் போகும் பகுதியில் கிளாம்பை இறுக்காமல் குழாய் நகர இடம் விட்டார்கள். பத்தடிக் குழாயில் நீர் 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளும் என்பதால் இது அவசியம். மறுநாள் வரை தண்ணீர் விடவில்லை. ஒட்டு நன்றாக இறுகியதும் கைப் பம்பால் 5 கிலோ அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இரண்டு மணி நேரம் நகராமல் இருப்பதை எங்களை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். எங்கள் மாடித் தொட்டியின் உயரத்துக்கு வீட்டுக் குழாயில் ஒரு கிலோ அழுத்தம்கூட வராது.

மாடிக் குழாய்க்கு ஃபோம் உறை போட்டுத் தரும்படி நானாகவே கேட்டேன். மே மாதப் பகலில் எங்கள் குழாயில் வரும் தண்ணீரில் கையை வைக்க முடியாது. கேரியில் குளிரைத் தடுத்த அதே உறை இங்கே வெயிலைத் தடுக்கும் என்பது என் எண்ணம். மேஸ்திரிக்கு அதில் முன் அனுபவம் இல்லை. ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் உறையை வாங்கி வந்து, நான் சொன்னபடி எல்போவிலும் விடாமல் போட்டார். ஆனால் மேலே அலுமினிய டேப் சுற்றாமல் விட்டுவிட்டார். கறுப்பு ஃபோம் நேர் வெயிலில் கிடந்தால் சில மாதங்களில் வெடித்து உதிரும். சொன்ன பிறகு, வேறொரு நாள் வந்து சுற்றிக் கொடுத்தார். 2025 கோடையில் காலை பத்து மணி வரை தண்ணீர் குளிர்ந்தே வந்தது. உச்சிப் பொழுதில் வெந்நீர்தான், தொட்டியே சூடாகும்போது உறை மட்டும் என்ன செய்யும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் வருவதில்லை. மூன்று முறை வருவதாகச் சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள், அதில் ஒரு முறை தகவலும் சொல்லவில்லை. நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் இது பெரிய சிரமம். சமையலறைக்குப் பின்னால் கிளாம்புகளை ஐந்தடிக்கு ஒன்றாக அடித்திருந்தார்கள். குழாய் நடுவில் தொய்வதைக் காட்டிய பிறகே மூன்றடிக்கு ஒன்றாக மாற்றினார்கள். உடைத்த காரையை வாரி மூலையில் குவித்தார்களே தவிர எடுத்துச் செல்லவில்லை. ரசீது வெற்றுத் தாளில்தான் வந்தது. கடையும் வைத்திருப்பவர்கள் அச்சிட்ட ரசீது கொடுப்பதே முறை.

செலவு மொத்தம் 11,450 ரூபாய். பொருள்களுக்கு 6,450, இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 2,000 வீதம் இரண்டரை நாள் கூலி 5,000. சோதனைக்கு முன்பணமாக வாங்கிய 300 ரூபாயைக் கூலியிலேயே கழித்துக்கொண்டார்கள். மீந்த இரண்டு எல்போக்களையும், டீ என்னும் மூன்று வழி இணைப்பு ஒன்றையும் கணக்கில் கழித்துத் திரும்ப எடுத்துச் சென்றதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

2025 மழைக்காலம் முடிந்து பார்க்கும்போது நடைச் சுவரின் அடியில் புதிதாக உப்புப் பூக்கவில்லை. பழைய காரையைச் சுரண்டிப் பூசி வெள்ளையடித்துவிட்டோம். மாதம் ஒரு முறை இரவில் சாக்பீஸ் கோடு போடும் வழக்கத்தை நான் விடவில்லை, ஒரு முறைகூட அது இறங்கவில்லை. ஒழுகும் இடம் தெரியாமல் தவிக்கும் பழைய வீட்டுக்காரர்களுக்கு இவர்களைத் தயங்காமல் சொல்வேன். நள்ளிரவில் குழாய் வெடித்து உடனே ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இவர்கள் பொருந்த மாட்டார்கள். கழிவுநீர் அடைப்பு வேலையை இவர்கள் எடுப்பதும் இல்லை.

2025 நவம்பரில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி டேப் சுற்றிய இடத்தைப் பார்க்க வந்திருந்தார். செல்பேசியை அவரிடம் கொடுத்தேன். மாப்பிள்ளை கிரால் ஸ்பேஸுக்குள் தவழ்ந்து சென்று விளக்கடித்துக் காட்ட, மேஸ்திரி குழாய் நெடுகப் பார்த்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். வாஷிங் மெஷினுக்குப் பிரியும் டீயில் உறை விலகி, இரண்டு விரல் அகலத்துக்குக் குழாய் வெறுமையாகத் தெரிந்தது. "அந்த டீயையும் மூடிடுங்க தம்பி" என்றார். அன்று மாலையே அதை மூடிவிட்டதாக மகள் படம் அனுப்பினாள்.